வலப்பக்க டிரம்

சகலை மண் கலக்கிற லட்சணத்தைப் பார்த்தாலே வாத்தியாருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

முப்பது வருடம் கெமிஸ்ட்ரி நடத்தி ஓய்வு பெற்றவர் அவர். செம்மண் இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, உப்புப் போக ஏழு தடவை அலசிய தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு என்று தராசு வைத்து நிறுத்துக் கலப்பார். சகலையோ கையில் கிடைத்ததையெல்லாம் அள்ளிப் போடுகிற ஆள். அளவு கேட்டால், "எல்லாம் ஒரு குத்துமதிப்புதான் சகலை" என்று இளிப்பார்.

அக்காவையும் தங்கையையும் கட்டிக்கொண்டு ஒரே வீட்டில் மேலும் கீழுமாகக் குடியிருந்தார்கள். மொட்டைமாடி பொது. அங்கே ஒரே மாதிரி இரண்டு நீல டிரம்களில் மண் பதமாகிக்கொண்டிருந்தது. இடப்பக்கம் வாத்தியாருடையது, வலப்பக்கம் சகலையுடையது.

தோட்டச் சங்கத்தின் தொட்டிச் செடிப் போட்டியில் இரண்டு வருடமாகச் சகலைக்குத்தான் கோப்பை. மூன்றாவது தடவையும் வாங்கிவிட்டால் அது அவருக்கே சொந்தம். கூடத்து அலமாரியில், வாத்தியார் போகும்போதும் வரும்போதும் கண்ணில் குத்துகிற மாதிரி நிரந்தரமாக உட்கார்ந்துவிடும். குருட்டு அதிர்ஷ்டத்துக்கும் ஓர் அளவு வேண்டாமா?

நாற்று நட இரண்டு நாள் இருந்தது. மதியம் வீடே உறங்கிக்கொண்டிருந்தபோது, வாத்தியார் ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு கிலோ உப்பைக் கரைத்து மாடிக்குத் தூக்கிப் போனார். வலப்பக்க டிரம்மைத் திறந்து ஒரு கை மண் அள்ளி முகர்ந்தார்.

"இதெல்லாம் ஒரு மண்ணு, இதுக்கு ஒரு கோப்பை" என்று முணுமுணுத்தார். வாளியைக் கவிழ்த்தார். நன்றாகக் கிளறி, மேலே சமன் செய்து மூடினார். தப்புதான் என்று ஒரு கணம் உறுத்தியது. கோப்பையை நினைத்ததும் அது போய்விட்டது.

நடுகிற அன்று இருவரும் அருகருகே உட்கார்ந்து, அவரவர் டிரம்மிலிருந்து மண் அள்ளித் தொட்டிகளை நிரப்பிக் கத்தரி நாற்று வைத்தார்கள்.

"இந்தத் தடவை கோப்பை உங்களுக்குத்தான் சகலை" என்றார் சகலை.

"பார்ப்போம்" என்றார் வாத்தியார், அடக்கமாக. சிரிப்பை அடக்குவதற்குள் அவருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. பாவம், எந்த மண்ணில் நடுகிறோம் என்றுகூடத் தெரியாமல் நட்டுக்கொண்டிருக்கிறார் மனுஷன்.

பத்தாம் நாள் காலை. மாடியில் ஒரு வரிசை நாற்று முழுவதும் இலை கருகித் தலை தொங்கிக் கிடந்தது.

வாத்தியாரின் வரிசை.

சகலையின் கத்தரிகள் கொழுகொழுவென்று நின்றன. வாத்தியார் கருகிய இலை ஒன்றைக் கிள்ளிப் பார்த்தார். நிறுத்துப் போட்ட அளவுகளையெல்லாம் மனதில் மறுபடி கூட்டிப் பார்த்தார். எதிலும் பிசகில்லை. திரும்பினால், அழுது விடுகிற முகத்தோடு சகலை நின்றிருந்தார்.

"மன்னிச்சிடுங்க சகலை. இதுக்கு மேல மறைச்சா நான் மனுஷனே இல்ல. நடறதுக்கு முந்தின நாள் ரெண்டு டிரம்மையும் நான் இடம் மாத்தி வச்சிடுவேன். ரெண்டு வருஷமா கோப்பை வாங்கினது உங்க மண்ணுதான். இந்த வருஷமும் மாத்தினேன்."

வாத்தியார் இடப்பக்க டிரம்மைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆனா என் மண்ணு இப்படிச் செடிங்க உசிரையே வாங்கும்னு சத்தியமா எனக்குத் தெரியாது சகலை."