படம் வருது, சத்தம் வரல

"அண்ணா, இன்னிக்கே கனெக்‌ஷன் குடுத்துடுங்கண்ணா. நாளையிலேருந்து ரெண்டு நாள் உங்களுக்கு லீவாமே!"

விடுதிப் படிக்கட்டில் மூச்சிரைக்க ஓடிவந்து வழிமறித்த பெண்ணை ஒயர் அண்ணன் அலுப்போடு பார்த்தார். அறைக்கு அறை இன்டர்நெட் இணைப்புக் கொடுப்பது அவர் வேலை. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் கம்ப்யூட்டரும் கையுமாக வந்து இறங்கிய நாள் அது. காலையில் எடுத்த ஸ்குரூ டிரைவரை மனிதர் இப்போதுதான் பைக்குள் போட்டிருந்தார்.

"டைம் முடிஞ்சுதும்மா. லீவு முடிஞ்சு வந்ததும் முதல் வேலையா உன் ரூமுதான். போதுமா?"

"ஐயோ, அம்மாவும் அப்பாவும் கம்ப்யூட்டர் முன்னாடியே உக்காந்திருப்பாங்கண்ணா. நான் வீட்டை விட்டு வந்து இன்னிக்குத்தான் முதல் நாள். என்னைப் பாக்காம சாப்பிடக்கூட மாட்டாங்க."

"அதுக்கு போன்னு ஒண்ணு இருக்கே."

"இந்தச் சுவத்துக்குள்ள போன்ல படம் வரலண்ணா. பேச்சு மட்டும்தான் வருது. எனக்கு முகத்தைப் பாத்துப் பேசணும்."

"ஓகோ, அம்மா செல்லமா? முகத்தைப் பாத்தாத்தான் பேச்சு வருமோ?" என்று சிரித்தவர், சட்டென்று அவளை உற்றுப் பார்த்தார். "ஏம்மா, காலையில புதுசா சேந்தவங்க சார்பா மேடையேறிப் பேசின பொண்ணு நீதானே?"

"ஆமாண்ணா."

"அடேயப்பா! ஏணி மேல நின்னு ஒயர் இழுத்துக்கிட்டிருந்தேன். உன் பேச்சைக் கேட்டு ரெண்டு கையையும் விட்டுட்டுக் கைதட்டிட்டேன். கீழ விழாம தப்பிச்சது என் நல்ல நேரம்."

"அதைத்தாண்ணா இன்னிக்கே அவங்ககிட்ட சொல்லணும். அம்மாகிட்ட ஒத்திகை பாக்காம நான் எந்த மேடையிலயும் ஏறினதில்ல. எப்படிப் பேசினேனோன்னு தவிச்சுக்கிட்டிருப்பாங்க."

அதற்கு மேல் ஒயர் அண்ணனால் முறுக்கிக்கொள்ள முடியவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு அவளோடு மாடியேறினார்.

அறையில் கட்டிலை ஒட்டி மேசை, மேசை மேல் யாரோ உபயோகித்து விற்ற கம்ப்யூட்டர், அதன் தலையில் சின்னதாக ஒரு கேமரா. சுவரிலிருந்த பிளக்கில் ஒயரைச் செருகி, கம்ப்யூட்டரில் அதையும் இதையும் தட்டி, "ம், இப்ப கூப்பிடு" என்றார்.

அவள் கூப்பிட்டாள். கூப்பிட்ட வேகத்தில் திரையில் இரண்டு முகங்கள் வந்தன. ஒரே நாற்காலியில் பாதிப் பாதியாக உட்கார்ந்திருந்தார்கள். பெண்ணைப் பார்த்ததும் இரண்டு பேருக்கும் வாயெல்லாம் பல்.

ஒயர் அண்ணன் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். ஒரு சத்தமும் இல்லை.

"என்னம்மா இது, படம் வருது, சத்தம் வரலயே!"

"பரவாயில்லண்ணா, இதுவே போதும். ரொம்ப..."

"என்ன போதும்? மரியாதைக்குச் சொல்லாதே. பாரு, உங்கம்மா சத்தம் வரலன்னு எப்படிக் கையைக் கையை ஆட்டுறாங்க, பாவம்!"

அந்தப் பெண் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சொல்ல விட்டால்தானே! அவர் கைவைத்த இணைப்பில் கோளாறு என்று இன்றுவரை ஒருவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்தப் பெயரை ஒரு ஸ்பீக்கருக்காக இழக்க அவர் தயாராக இல்லை. பாட்டு ஒன்றைப் போட்டுப் பார்த்தார். கணகணவென்று பாடியது.

"இங்க சுத்தமா இருக்கு. அப்ப லைன்லதான் ஏதோ வில்லங்கம்" என்று மேசைக்கு அடியில் புகுந்து ஒயரைப் பிடுங்கினார். திரையில் இரண்டு முகங்களும் காணாமல் போயின.

"அண்ணா! படத்தை எடுக்காதீங்கண்ணா! அவங்க பயந்துடுவாங்க!" பெண்ணின் குரல் உடைந்துவிட்டது.

"இரு, இரு, இதோ." வேறு ஒயரைச் செருகினார். முகங்கள் மறுபடி வந்தன. சத்தம் மட்டும் அப்படியே, அதாவது இல்லவே இல்லை.

"அந்தப் பக்கம் மைக் ஒழுங்கா இருக்கா?" என்று அடியிலிருந்தபடியே கேட்டார்.

"மைக்கா? அங்க அது கிடையவே கிடையாதுண்ணா. வாங்கவே இல்ல."

"நல்ல குடும்பம்மா! சரி, அவங்க பேசறது உனக்கு வராட்டி போகட்டும். நீ பேசறதாவது அவங்க காதுல விழ வேணாமா? காலையில அவ்வளவு கணீர்னு பேசின பொண்ணு! அந்தக் குரலைக் கேக்கறதைவிடப் பெத்தவங்களுக்கு வேற என்ன பெருமை இருக்கு?"

மேசை விளிம்பில் தலையை நன்றாக இடித்துக்கொண்டு ஒயர் அண்ணன் வெளியே வந்தார். பெண் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றிருந்தாள். அவளுடைய இரண்டு கைகளும் படபடவென்று எதையோ சொல்லிக்கொண்டே போயின. திரையில் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மாவோ இருப்புக்கொள்ளாமல் நாற்காலியை விட்டு எழுந்து, முன்னைவிட வேகமாகக் கைகளை ஆட்டினாள்.

"பாத்தியா, இன்னும் சத்தம் வரலங்கறாங்க" என்றார் அவர், தலையைத் தடவிக்கொண்டே.

பெண் திரும்பினாள். முகம் கொள்ளாத பெருமை.

"பிறந்ததிலேருந்தே ரெண்டு பேருக்கும் காது கேக்காது, பேச்சும் வராதுண்ணா. காலையில மேடையில பேசினது முழுக்க இப்பத்தான் கையால சொல்லி முடிச்சேன். அம்மா, 'இரு, பக்கத்து வீட்டுக்காரங்களையும் கூட்டிட்டு வர்றேன், முதல்லேருந்து மறுபடி சொல்லு'ங்கறாங்க!"