மூணாவது சிலிண்டர்

கான்ட்ராக்டர் அன்று இன்னொரு மெக்கானிக்கைக் கையோடு அழைத்துக்கொண்டுதான் ஷெட்டுக்குள் நுழைந்தார்.

"பத்து நாளா கதை சொல்றியே, இப்ப இவர் பார்க்கட்டும். நீ தள்ளி நில்லு."

சர்வீஸுக்கு விட்ட கார். எடுக்கப் போனபோது இன்ஜின் உதறியது. மூணாவது சிலிண்டர் வேலை செய்யவில்லை, தீப்பொறிக்குக் கரண்ட் கொடுக்கும் இக்னிஷன் காயில் புதுசா வரணும் என்றான் ஷெட்காரன். நாளைக்கு, நாளைக்கு என்றே பத்து நாள் ஓடிவிட்டது. கான்ட்ராக்டர் பஸ்ஸில் போய் சைட்டில் இறங்க, கொத்தனார்கள் வாய்க்குள் சிரித்தார்கள். அந்தக் கடுப்பு வேறு.

வந்தவர் மூணாவது காயிலைக் கழற்றி முதல் சிலிண்டரில் மாட்டி ஸ்டார்ட் செய்தார். காயில் கெட்டிருந்தால் கோளாறும் அதோடு இடம் மாறியிருக்க வேண்டும். மாறவில்லை, மூணாவதே மக்கர் செய்தது. ஸ்பார்க் பிளக்கை மாற்றினார். அப்போதும் அதே. பிறகு, பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டரின் ஒயர் சாக்கெட்டைப் பிடுங்கி டார்ச் அடித்தார். உள்ளே, கம்பியோடு கம்பி தொடாதபடி அளவாக வெட்டிச் செருகிய ஒரு பிளாஸ்டிக் துண்டு.

"இது தானா வர்ற கோளாறு இல்ல சார். வேணும்னே வச்சது."

கான்ட்ராக்டருக்கு ரத்தம் தலைக்கேறியது. காத்திருந்த நாலு கஸ்டமர்களும் எழுந்து வந்துவிட்டார்கள்.

"யாருடா வச்சது?"

"நான்தான் சார்," என்றான் ஷெட்காரன்.

"எதுக்கு?"

அவன் கையிலிருந்த அழுக்குத் துணியையே பார்த்துக்கொண்டு நின்றான். பளாரென்று ஓர் அறை விழுந்தது. இவனிடம் வண்டி விடுகிறவன் புத்தி கெட்டவன் என்று தெருவுக்கே கேட்கும்படி கத்திவிட்டு, உதறல் நின்றுபோன காரைக் கிளப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்தார் கான்ட்ராக்டர்.

மனைவியிடம் ஒன்று விடாமல் சொன்னார். அறைந்ததை மட்டும் இரண்டு முறை சொன்னார்.

அவள் கார் சாவியை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

"போன மாசம் ரெண்டு தடவை ஸ்டியரிங்லயே உங்களுக்குக் கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு. டாக்டரைப் பார்க்காம வண்டிய எடுக்காதீங்கன்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேன், காதுல போட்டுக்கிட்டீங்களா? நான்தான் அந்த ஷெட்காரர்கிட்ட போய் அழுதேன், எப்படியாவது வண்டிய நிறுத்தி வைங்கன்னு."

அறைந்த கை கான்ட்ராக்டருக்கு இன்னும் எரிந்தது.

"அடிச்சப்பகூட என் பேரைச் சொல்லலையா அவர்?"