இடது காதுக்கு மேலே

“குழந்தைக்கு மூச்சு இருக்கா?”

டேரில் திடுக்கிட்டுப் போனான். “இருக்கு நர்ஸம்மா! மூச்சுக்கு என்ன, பேச்சே நிக்கலை. இது முடி விஷயம்.”

“எந்த விஷயமா இருந்தாலும் முதல்ல மூச்சைத்தான் கேட்கணும் ராசா. கால் நகம் உடைஞ்சு போச்சுன்னு கூப்பிட்டாலும் அதேதான். எங்க முறை அப்படி. இப்போ நிதானமாச் சொல்லு.”

குடும்ப டாக்டரிடம் நாள் கிடைப்பதற்குள் மகள் டெஸ் பள்ளிக்கூடமே போய்விடுவாள் என்பதால், மாகாணத்தின் மருத்துவ உதவி எண்ணை அழைத்திருந்தான் டேரில். நர்ஸின் பெயர் பெர்னிஸ். முகம் தெரியாத ஆள் என்பதில் அவனுக்குப் பெரிய நிம்மதி. மீன் பதனிடும் ஆலையில் வீடு மாதிரி இருக்கும் குளிர்சாதனங்களையெல்லாம் கட்டி மேய்ப்பவன் அவன். அவை அடங்கும். டெஸ் மட்டும் அடங்குவதில்லை.

“ரெண்டு வயசு ஆகப் போகுது நர்ஸம்மா. தூக்கம் வந்தா முடியைப் பிடிச்சு விரல்ல சுத்துவா. சுத்திச் சுத்தி, கடைசியில ஒரு சுண்டு. கையோட வந்துடும்.”

“சொட்டை விழுந்திருக்கா?”

“இடது காதுக்கு மேல. ரெண்டு டாலர் காசு அளவுக்கு.”

“பிடுங்கினதை வாயில போட்டுக்கிறாளா? அதுதான் ஆபத்து.”

“இல்லை, நாய்க்கு ஊட்டி விடுறா. அதுவும் பாவம், மரியாதைக்கு நக்கிப் பார்க்குது.”

பெர்னிஸ் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டாள். “பிடுங்கும்போது வலிக்குதா?”

“உயிரே போகுது!”

“அழறாளா?”

“அவ எங்கே அழுதா? கண்ணுல தண்ணி வர்றது எனக்குத்தான்.”

“ரொம்ப இளகின மனசுப்பா உனக்கு!”

டேரில் மறுத்துப் பேசவில்லை. பாராட்டு எங்கிருந்து வந்தாலும் வாங்கிப் பையில் போட்டுக்கொள்கிற சுபாவம்.

“இது எப்போ ஆரம்பிச்சுது?”

“என் பொண்டாட்டி ரோக்ஸேன் ஆல்பர்ட்டாவுக்குத் திரும்பிப் போன அன்னைக்கு. நாட்டோட அந்தக் கோடியில, எண்ணெய்ச் சுரங்கத்துல லாரி ஓட்டுறா. சக்கரமே ஆள் உயரத்துக்கு மேல. மூணு வாரம் அங்கே, மூணு வாரம் இங்கே.”

“நம்ம ஊர்ல பாதி வீடு அப்படித்தானே ஓடுது. அவளுக்கு இது தெரியுமா?”

“தெரியாது. வீடியோவில பேசும்போதெல்லாம் கம்பளித் தொப்பியை மாட்டி மறைச்சுடறேன். ஆனா நாளைக்கு வர்றாளே! பார்த்தா அவ்வளவுதான். ‘நான் இல்லாம புள்ளை ஏங்கிப் போச்சு’ன்னு வேலையை உதறிட்டு உட்கார்ந்துடுவா. அந்த லாரின்னா அவளுக்கு உசிரு நர்ஸம்மா. லைசென்ஸ் வாங்கின அன்னைக்கு ஊர்ல ஒருத்தர் விடாம போன் போட்டுச் சொன்னவ. நான் வீட்டைப் பார்த்துக்கறேன்னு வாக்குக் கொடுத்துட்டு, என்னால அது போகக் கூடாது.”

கடைசி வார்த்தைகளில் குரல் தடுக்கியது.

“சரி, கலங்காதே. திட்டினியா அவளை?”

“சத்தியமா இல்லை.”

“நல்லது. திட்டினா இன்னும் இறுக்கித்தான் பிடிப்பா. ஏதோ ஒண்ணு கையை விட்டுப் போயிடுச்சுன்னு பயம். அதான் கிடைச்சதைப் பிடிச்சுக்கிறா. வேற ஏதாவது கையில கொடுத்துப் பாரு. முடி வச்ச பொம்மை?”

“கொடுத்தேன். மோந்து பார்த்துட்டு நாய் மேல எறிஞ்சா.”

“கையுறை?”

“பல்லால கழட்டிட்டா.”

“முடியில எண்ணெய் தடவு. வழுக்கினா பிடி கிடைக்காது.”

“தடவினேன். தலையணை உறை பாழானதுதான் மிச்சம். தலைமுறை தலைமுறையா மீன் பிடிச்ச குடும்பம் நர்ஸம்மா. வழுக்கறதை எப்படிப் பிடிக்கணும்னு இவளுக்குப் புதுசா சொல்லித் தரணுமா?”

“அப்படின்னா ஒரே வழிதான். மொட்டை.”

“மொட்டையா?”

“ஒட்ட வெட்டிடு. கைக்கு ஒண்ணும் அகப்படலைன்னா கொஞ்ச நாள்ல தானா மறந்துடுவா. அதுவரைக்கும் தூங்கற நேரத்துல உன் விரலைப் பிடிச்சுக்கக் கொடு.”

“வேற வழியே இல்லையா? அந்த முடின்னா ரோக்ஸேனுக்கு அவ்வளவு ஆசை. சுருள் சுருளா இருக்கும். எங்க அப்பா, அண்ணன் யார் தலையிலயும் ஒண்ணும் நிக்கலை. எங்க குடும்பத்துல இது ஒண்ணுதான் தப்பிச்சுது.”

“முடி பெருசா, புள்ளை பெருசா?”

“புள்ளைதான். ஆனா…”

“என்ன ஆனா? பெத்தவங்க எல்லாருமே இப்படித்தான். புள்ளையோட சுருள் முடியை வச்சு நீங்க பெருமை அடிச்சுக்கிறது! உன் பொண்டாட்டி லாரி ஓட்டணுமா வேண்டாமா?”

“ஓட்டணும்.”

“அப்போ கத்தரிக்கோலை எடு. பயப்படாதே கண்ணு. இந்த வயசுல முடி காடு மாதிரி வளரும். கோடை வர்றதுக்குள்ள பழையபடி சுருள் சுருளா வந்துடும், பாரேன்.”

டேரில் அசையாமல் உட்கார்ந்திருந்தான். குரலை மட்டும் நன்றாகத் தாழ்த்திக்கொண்டு கேட்டான்:

“நாற்பத்தி மூணு வயசுலயுமா நர்ஸம்மா?”

அவன் தோளில் கிடந்த டெஸ், அப்பாவின் இடது காதுக்கு மேல் மிச்சமிருந்த ஒரே சுருளை விரலில் சுற்றிக்கொண்டு, அப்போதுதான் கண்ணை மூடியிருந்தாள்.