போடாத துணி

டிவியில் வாஷிங் மெஷின் விளம்பரம் வந்தால் போதும், கணவன் சத்தத்தைக் கூட்டிவிடுவான். பட்டனைத் தட்டிவிட்டுக் கால்மேல் கால் போட்டு ஒரு பெண் சிரித்துக்கொண்டிருப்பாள்.

"இனி உனக்கும் இதே ராஜபோகம்தான்," என்று ஒருநாள் அதையே வாங்கிவந்தான். பல் டாக்டரிடம் உதவியாளராக இருந்த மனைவிக்கும் சந்தோஷம்தான். மிச்சமாகிற நேரத்தில் மாலைக் கல்லூரியில் சேர்ந்தாள்.

முதல் சலவையிலேயே, போட்ட துணிகளோடு ஒரு சிறுமியின் கவுனும் வெளியே வந்தது. அவர்களுக்குக் குழந்தை கிடையாது.

"இது யாரோடதுங்க?"

"துவைச்சாச்சுல்ல, மடிச்சு வை," என்றான் அவன், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அடுத்த முறை பள்ளிச் சீருடை வந்தது. அதற்கடுத்த முறை யாரோ ஒரு கிழவரின் பனியன்கள். கடைக்குப் போன் செய்தாள். "மெஷின் நல்லா ஓடுதுல்ல மேடம்?" என்று கேட்டார்கள். நன்றாகத்தான் ஓடியது. ஒன்றுமே போடாமல் ஓட்டிப் பார்த்த அன்றுகூட நிறையத் துணி வந்தது.

தூக்கிப் போட மனசு வரவில்லை. எல்லாவற்றையும் அயர்ன் செய்து அடுக்கினாள். முதலில் கல்லூரி நின்றது, பிறகு வேலையும் நின்றது.

ஒரு காலையில் உள்ளறையிலிருந்து ஒரு சிறுமி சீருடையோடு ஓடிவந்தாள்.

"அம்மா, என் சாக்ஸ் எங்கம்மா? லேட்டாகுது!"

கணவன் பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தான். யாரும்மா நீ என்று கேட்கத்தான் அவள் வாயைத் திறந்தாள்.

"கத்தாதடி. ரெண்டாவது தட்டுல, தாத்தா பனியனுக்குப் பக்கத்துல பாரு."