பைப்லைன் கல்

"இந்த ரூமை இடிச்சிட வேண்டியதுதான்," என்றார் பைப்லைனைச் சோதிக்க வந்த அதிகாரி. மஞ்சள் எச்சரிக்கைக் கல்லிலிருந்து நான்கே எட்டில் நின்றது தொம்மையின் புது அறை. மகள் ஆஷ்லினின் கல்யாணத்துக்காகக் கட்டியது, பெயிண்ட் வாசனைகூட இன்னும் போகவில்லை.

வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள் அந்தோணிமேரி. பக்கத்து நிலத்துக்காரர் தொம்மை மாமா. அவள் புருஷன் செத்தபோது எட்டு நாளும் தன் வீட்டிலிருந்து சோறு அனுப்பியவர். உண்மையைச் சொல்ல நாக்கு எழவில்லை. திருடனைத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்?

துறைமுகத்திலிருந்து உள்நாட்டு ஆலைக்கு எண்ணெய் கொண்டுபோகும் பைப்பு, திண்டிவனத்தைத் தாண்டி இந்த ஊர் நிலங்களுக்கு அடியில் போகிறது. அதைப் புதைத்த வருஷம் அவள் குடும்பத்தோடு பெங்களூரில் கட்டட வேலையில் இருந்தாள். திரும்பி வந்து பார்த்தால், எச்சரிக்கைக் கல் அவளுடைய துண்டு நிலத்தின் நடுவில் நின்றது.

"கல்லு இருக்குது, வீடு கட்ட முடியாது" என்று அரசாங்க வீட்டுக்கான அவள் மனுவை ஓவர்சியர் இரண்டு முறை திருப்பிவிட்டார். மூன்று மழைக்காலமாக அவளும் மகளும் தார்ப்பாய்க்கு அடியில்தான் கிடந்தார்கள்.

மூன்று வாரத்துக்கு முன்பு, ஊரே நூறு நாள் வேலைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், அவளுக்குப் பொறுமை அற்றுப்போனது. கல்லைப் பிடுங்கி வரப்பைத் தாண்டி உருட்டினாள். செம்மண் இறுகிக் கிடந்ததில் கடப்பாரை எங்கேயும் இறங்கவில்லை. தொம்மையின் புதுச் சுவருக்குப் பக்கத்தில் ஓரிடத்தில் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதுபோல் இறங்கியது. ஆண்டவரே வழிகாட்டினார் என்று அங்கேயே நட்டுவிட்டாள்.

அதன் பிறகு மூன்று ஞாயிறும், பாவத்தோடு நன்மை அப்பம் வாங்கக் கூடாதென்று அவள் கோயிலில் இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. தொம்மையோ கல்லைப் பார்த்தும் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தப் பெருந்தன்மைதான் அவளை அறுத்தது.

"மெஷின் வச்சிப் பாத்துட்டு அப்புறம் இடிக்கலாம்," என்றார் அதிகாரி. பூமிக்கடியில் பைப்பு இருந்தால் கத்திக் காட்டும் மெஷின் அது.

"மெஷினெல்லாம் எதுக்கு சார்? இடிச்சிக்கோங்க," என்றார் தொம்மை, தலை நிமிராமல். "யாரையும் ஒண்ணும் கேக்க வாணாம்."

அவ்வளவுதான், அந்தோணிமேரி உடைந்துபோனாள்.

"இடிக்காதீங்க சார்! பாவி நான்தான் பண்ணேன். கல்லு எங்க நெலத்துல இருந்துச்சு. நான்தான் புடுங்கிக்கினு வந்து இங்க நட்டேன். என்னை போலீசுல புடிச்சிக் குடுங்க, மாமா ஊட்ட உட்டுடுங்க!"

"சும்மா இரு மேரி!" என்று தடுத்தார் தொம்மை.

அதிகாரி மெஷினை எடுத்துக்கொண்டு அவள் நிலத்தில் இறங்கினார். குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். மெஷின் வாயே திறக்கவில்லை.

வரப்பைத் தாண்டி மஞ்சள் கல்லருகே வந்ததும் அது கீச் கீச்சென்று கத்தத் தொடங்கியது. தொம்மை சுவரில் சாய்ந்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அதிகாரி மெஷினை நிறுத்தினார். "பைப்பு இந்தக் கல்லுக்கு நேர் கீழதாம்மா போவுது. புதைச்ச நாள்லருந்து இங்கதான் இருக்குது. நீ நட்டது சரியான எடம்."

பிறகு தொம்மையின் பக்கம் மெல்லத் திரும்பினார்.

"அப்போ, மொதல்ல புடுங்கினது யாரு?"