முட்டிக்கு நடுவே தலையணை

படகிலிருந்து தவறி விழுந்த நாள் முதல் தணிகைவேலுக்குக் கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது. படுக்கைப்புண் வராமலிருக்க மனைவி ரஞ்சிதாதான் ராவும் பகலும் அவனைத் திருப்பிப் படுக்க வைப்பாள். முட்டியை மடக்கி, தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடித்துத் தன் பக்கமாகப் புரட்டுவாள். முதுகுக்கு ஒரு தலையணை, முட்டிகளுக்கு நடுவே ஒன்று.

"இன்னா கனம்யா நீ!" என்பாள் ஒவ்வொரு தடவையும்.

அன்று மத்தியானம் நெம்மேலியில் மீன் விற்றுவிட்டு வந்தவள், கதவைத் தாழிட்டு, அவனை ஒருக்களித்து வைத்துவிட்டுத் தரையிலேயே மல்லாந்தாள்.

"இந்தாமே, கொஞ்ச நேரம் கண்ண மூடு," என்றான்.

விழித்தபோது ஒருக்களித்துக் கிடந்தாள். முட்டி மடங்கியிருந்தது. முதுகிலும் முட்டிகளுக்கு நடுவிலும் அவனுடைய தலையணைகள். கதவின் தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது.

கட்டிலில் தணிகைவேல் மல்லாந்திருந்தான். முகமெல்லாம் வேர்வை. மூச்சு வாங்கியது.

"இன்னா கனம்மே நீ," என்றான்.