பதினெட்டு தசம் நான்கு

செலீனின் சீனி பார்க்கும் மெசினின் பொத்தானை அமுக்கிக்கொண்டே வந்த நேர்ஸின் விரல் ஞாயிற்றுக்கிழமையில் நின்றுவிட்டது.

பதினெட்டு தசம் நான்கு. ஏழுக்குள் நிற்கவேண்டிய சீனி. இரண்டு தரம் வாசித்தாள்.

செலீன் குனிந்து தன் வயிற்றைப் பார்த்தாள். ஏழு மாதம். வயிறுதான் ஏழு மாதம், மிச்ச உடம்பெல்லாம் கலியாணம் கட்டின நாளிலிருந்து வளர்ந்தது என்று அருமைநாதன் சொல்லுவான்.

அவளுடைய கணவன். அவன் இருந்த கதிரையில் இன்னொருவர் இருக்க இடம் மிச்சம் கிடந்தது.

“நான் அப்பவே சொன்னனான், அந்த இனிப்பு வட்டிலப்பத்துக்குக் கிட்டப் போகாதையும் எண்டு.” அவனுக்கு ஒரே சிரிப்பு.

நேர்ஸ் சிரிக்கவில்லை. உடம்பும் பெருத்து சீனியும் கூடினால், பிள்ளை வயிற்றுக்குள்ளேயே அளவுக்கு மீறிக் கொழுக்கும், பிறக்கும்போது தோள் சிக்கும், பிறந்த கையோடு அதன் இரத்தத்தில் சீனி சடாரென்று இறங்கும். முதல் நாளே இதையெல்லாம் சொன்னவள். இனி இன்சுலின்தான் என்றாள். இன்றைக்கே ஆஸ்பத்திரி வாட்டில் படுக்க வேண்டிவரும்.



செலீன் ஐந்து கிழமையாகச் சோற்றைக் கோப்பையால் அளந்தவள். பனிக்குள் நடந்தவள். நாளுக்கு நாலு தரம் விரலில் குத்திக்கொண்டவள். ஒரேயொரு ஞானஸ்நான விருந்து, இரண்டு துண்டு வட்டிலப்பம். மூன்றாவது ஒரு துண்டே அல்ல, வெறும் கரை.

அதற்காக, தேவையில்லாத ஊசியைப் போட்டுப் பிள்ளைக்கு ஏதும் ஆகிவிட்டால்?

“அது என்ரை ரத்தமில்லை,” என்றாள் தமிழில். பிறகு ஆங்கிலத்தில்.

அந்த ஞாயிறு பின்னேரம் விருந்தால் வந்ததும் அவளுக்கு மெசினைப் பார்க்கவே பயம். சோபாவில் அருமைநாதன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அவனுடைய விரலில் குத்தினாள். நுளம்பு கடித்ததென்று கையை உதறிவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்தான். மாசி மாதத்து மொன்றியலில் நுளம்பு!

இலக்கத்தைக்கூடப் பார்க்காமல் மெசினைப் பைக்குள் வைத்துவிட்டாள். மெல்லிய மனுசனின் இரத்தம், அதிலே என்ன பிழை இருக்கப்போகிறது?

நேர்ஸ் புது ஊசி எடுத்தாள். முதலில் செலீன். ஆறு தசம் ஒன்று.

பிறகு அருமைநாதனைக் கை கழுவிவிட்டு வரச் சொன்னாள். அவன் இன்னும் பாதிச் சிரிப்போடுதான் விரலை நீட்டினான்.

பத்தொன்பது.

நேர்ஸ் மேசை லாச்சியைத் திறந்து புதுக் கோப்பு ஒன்றை எடுத்து, அவனுடைய பெயரைக் கேட்டாள். அவன் மெசினிலிருந்த இலக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

செலீன்தான் சொன்னாள், எழுத்தெழுத்தாக, அவனுடைய விரலில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி.